இரு ரபிகளின் கடிதங்கள்: கேள்வி பதில்

ரபி (யூத மதகுரு) யெஹியேல் யாக்கோவ் வைன்பர்க் தம் நண்பர் சாமுவேல் அட்லஸுக்கு எபிரேயத்தில் எழுதிய கடிதங்களைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: இவர்கள் யார் சார்? எப்படிப் பழக்கம்?

பதில்: இருவரும் லித்துவேனியாவின் ஸ்லபோட்கா யெஷிவாவில், அதாவது யூத சமயப் பள்ளியில், யூதர்களின் சட்டத் தொகுப்பான தல்மூத் பயின்றவர்கள். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்திலும் இருந்தவர்கள். பிறகு பாதைகள் பிரிந்தன. வைன்பர்க் பெர்லினில் வைதீக ரபிகளை உருவாக்கிய ஹில்டஸ்ஹைமர் செமினரி என்னும் குருத்துவக் கல்லூரிக்குத் தலைவரானார். அட்லஸோ அமெரிக்காவின் சின்சினாட்டியில், மரபுச் சட்டங்களைத் தளர்த்திக்கொண்ட சீர்திருத்த யூதப் பிரிவினரின் ஹீப்ரு யூனியன் கல்லூரியில் பேராசிரியர். வைதீகத் தரப்பில் பலர் அந்தப் பிரிவோடு ஒட்டுறவே வைத்துக்கொள்ளாத காலம் அது. ஆனாலும் 1966இல் வைன்பர்க் கண்மூடும் வரை நட்பு முறியவில்லை. எனக்கு இந்தக் கடிதங்கள் அரியவையாகப் படுவது இதனால்தான்.

கேள்வி: போர்க்காலத்தில் வைன்பர்க் எங்கே இருந்தார்?

பதில்: 1938இல் செமினரியை நாஜிகள் மூடியதும் வார்சாவுக்குப் போய், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவில் சிக்கினார். சோவியத் குடிமகன் என்பதால் பவேரியாவின் வூல்ஸ்பர்க் கோட்டையில் சோவியத் கைதிகளோடு அடைத்தார்கள், அதனால் உயிர் தப்பினார். போருக்குப் பின் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில் வாழ்ந்தார்.

கேள்வி: கடிதங்களில் அப்படி என்னதான் இருக்கிறது அண்ணா?

பதில்: நூல் விசாரிப்பு, உடம்புக்கு முடியாத வருத்தம், பிற ரபிகளைப் பற்றிய ஒளிவுமறைவற்ற கருத்து எல்லாம் உண்டு. என்னை உலுக்கியது ஒரு கடிதம். தல்மூத்தில் யூதரல்லாதவர்களைத் தாழ்த்தும் சட்டங்கள் தம் காலத்து மக்களுக்குப் பொருந்தாது என 13ஆம் நூற்றாண்டிலேயே தல்மூத் உரையாசிரியர் மெய்ரி எழுதிவிட்டார். ஆனால் யெஷிவா ஆசிரியர்கள், அது தணிக்கைக்குப் பயந்து எழுதியது என்று மாணவர்களின் காதில் கிசுகிசுக்கிறார்களே என்று வைன்பர்க் குமுறுகிறார். அந்தச் சட்டங்கள் இன்று செல்லாது என்று வெளிப்படையாகவே அறிவிக்க வேண்டும் என்கிறார். வார்சாவையும் வூல்ஸ்பர்க்கையும் கடந்து வந்தவர் இதை எழுதினார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தவறில்லையா?

பதில்: யூத மரபிலேயே இதற்குத் தடை உண்டு. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த ரபேனு கெர்ஷோம் என்ற ரபி சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விதித்ததாகச் சொல்வார்கள். அவர் பெயரிலான அந்தத் தடையைச் சுருக்கெழுத்தாக உறைமேல் எழுதி அனுப்புவதும் வழக்கமாக இருந்தது. ஆய்வாளர் மார்க் ஷபிரோ 1997இல் இந்தக் கடிதங்களை வெளியிட்டபோது கண்டனமும் எழுந்தது. தனிமனிதர்களைப் பற்றிய காட்டமான வரிகள் அச்சேறியதில் எனக்கும் சங்கடம்தான். மெய்ரி பற்றிய கடிதம் மட்டும் ஊரறிய வேண்டியது.

கேள்வி: ஒரு பழைய ரபி கடிதத்தின் ஸ்கேன் கிடைத்தது. மேலே தாவ், ஷின், யோத், ஸயின் என நாலு எபிரேய எழுத்து. இதுதான் ஆண்டா?

பதில்: ஆமாம். ஒவ்வோர் எழுத்துக்கும் மதிப்பு உண்டு: 400, 300, 10, 7. மொத்தம் 717. முன்னால் வரும் ஐயாயிரத்தை விட்டுவிடுவார்கள், எனவே யூத ஆண்டு 5717. 717உடன் 1240 கூட்டினால் ஆங்கில ஆண்டு 1957. ஆனால் யூதப் புத்தாண்டு செப்டம்பர் வாக்கில் பிறப்பதால், கடிதம் அதிலிருந்து டிசம்பருக்குள் எழுதியதென்றால் 1956 என்று கொள்ளுங்கள். பக்கத்திலேயே பெரும்பாலும், அந்த வாரம் ஜெபக்கூடத்தில் வாசிக்கும் தோரா (யூத வேதம்) பகுதியின் பெயர் இருக்கும், மாதத்தை அதை வைத்துப் பிடித்துவிடலாம்.