கேள்வி – பதில்: குழுவாகச் சேர்ந்து எடை குறைக்கலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்ந்த முப்பது பேர், ஐந்து பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரிந்து, 12 வாரங்களுக்கு எடை குறைக்கும் போட்டி ஒன்றை நடத்த முடிவு செய்திருக்கிறோம். அதிகக் கிலோ குறைக்கும் குழுவுக்குப் பரிசு உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் மாமியாரும் சேர விரும்புகிறார். யாருக்கும் தீங்கு வராமல் இதை எப்படி நடத்துவது?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: தனியாக நடக்கத் தொடங்குபவர் ஒரு நாள் மழை பெய்தாலே விட்டுவிடக்கூடும், வாசலில் நான்கு பேர் காத்திருந்தால் அவ்வளவு எளிதில் விடமாட்டார். ஆகவே, சேர்ந்து செய்வது என்ற உங்கள் முடிவை மனமார வரவேற்கிறேன். ஆனால் பரிசுக்கான விதியை மாற்றிவிடுங்கள் என்று வற்புறுத்தியே கேட்டுக்கொள்கிறேன்.

கிலோவை மட்டும் எண்ணினால், 90 கிலோ உள்ளவர் 4.5 கிலோ குறைப்பதும் 60 கிலோ உள்ளவர் 3 கிலோ குறைப்பதும் சமமான முயற்சி என்பது மறைந்துவிடும்; இரண்டுமே 5 விழுக்காடுதான். அதிக எடை உள்ளவர்களுக்கு இந்த 5 விழுக்காடே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரை அளவிலும் தெரியும்படியான முன்னேற்றத்தைத் தரும். விழுக்காட்டை வைத்துப் பரிசு கொடுத்தாலும் இன்னொரு தொல்லை இருக்கிறது. உணவைத் திடீரென்று குறைத்தால் உடலில் சேமிப்பாக உள்ள மாவுச்சத்தும் அதனுடன் சேர்ந்திருக்கும் நீரும்தான் முதலில் வெளியேறும். அதனால் முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தாலும் அவ்வளவும் கொழுப்பு என்று கொள்ள முடியாது. இதை அறிந்தவர்கள், எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய நாள் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் இருந்து குழுவை வெல்ல வைக்க முயல்வார்கள். சேலத்து வெயிலில் அது உயிருக்கே ஆபத்தானது.

எனவே மதிப்பெண்ணை எடைக்குத் தராமல் செயலுக்குத் தாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் சற்று மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தவர், நாள்தோறும் 400 கிராமுக்குக் குறையாமல் காய்கறியும் பழமும் சாப்பிட்டவர், காபி, டீயில் சர்க்கரையை விட்டவர் ஆகியோர் தங்கள் குழுவுக்கு மதிப்பெண் சேர்க்கட்டும். எடையை வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரே இயந்திரத்தில் பார்த்து அவரவர் ஏட்டில் மட்டும் குறித்துக்கொள்ளட்டும். பலகையில் எழுதி ஒட்டினால் கடைசியில் இருப்பவர் கூனிக் குறுகிப் போவார். அதிகம் உதவி தேவைப்படுபவரும் பெரும்பாலும் அவர்தான். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே போதுமான வேகம். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் எடை குறைப்பில் சேர்க்க வேண்டாம். ஏற்கெனவே சரியான எடையில் இருப்பவர்கள் நடையில் மட்டும் கலந்துகொள்ளலாம், 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 59 கிலோவுக்குள் இருந்தால் குறைக்க வேண்டிய தேவை இல்லை.

உங்கள் மாமியார் சேரலாம். ஆனால் முதலில் மருத்துவரைப் பார்த்த பிறகே சேர வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் உணவைக் குறைத்து நடையைக் கூட்டும்போது சர்க்கரை அளவு 70க்கும் கீழே இறங்கக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அவரோடு நடக்கும் குழுவினர் அனைவருக்கும் இது தெரிந்திருக்கட்டும், ஒருவர் பையிலாவது சர்க்கரை இருக்கட்டும். மாத்திரையின் அளவைத் தாமாகக் குறைப்பதும் கூடாது.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். எடை குறைப்பவர்கள் பலர் இரவில் சோற்றை விட்டுவிட்டு, ஜவ்வரிசிக் கஞ்சியை இலகுவான உணவு என்று நம்பிக் குடிக்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் ஜவ்வரிசி பெரும்பாலும் மாவுச்சத்து மட்டுமே; புரதமும் நார்ச்சத்தும் மிகக் குறைவு என்பதால் விரைவில் பசி எடுக்கும். அதற்குப் பதிலாகச் சுண்டல், பச்சைப்பயறு, முட்டை, மோர் ஆகியவற்றில் ஒன்று இரவு உணவில் இருப்பது நல்லது. மாலை நேரத்துத் தட்டுவடை செட்டை அறவே விலக்கச் சொல்லமாட்டேன். வாரத்துக்கு ஒரு நாள், குழுவாகச் சென்று ஆளுக்கு ஒன்று சாப்பிடுங்கள்.

கேள்வி: நான் தறி ஓட்டுபவன். எங்கள் தெருக் குழுவில் இரண்டு மாதமாக நாள் தவறாமல் நடந்தும் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. குழுவுக்குப் பாரமாக இருப்பதாகத் தோன்றுகிறது, விலகிவிடலாமா?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: தயவுசெய்து விலகாதீர்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு நம் நாட்டில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்களின் சராசரி எடையோ குறையவே இல்லை. இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். தறியில் அமர்ந்திருக்கும்போது மணிக்கு ஒரு முறையாவது எழுந்து சில நிமிடங்கள் நடமாடுங்கள். நடை தொடர்ந்தும் எடை அசையாமல் இருப்பதால், தைராய்டு பரிசோதனை ஒன்றையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் போட்டியின் நிறைவு நாளில் எல்லாக் குழுக்களும் ஏற்காட்டுக்கு மலைப்பாதையில் நடந்தே ஏறலாமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் சாலை வாகனங்களுக்கானது. முழங்கால் வலியோ இதய நோயோ உள்ளவர்களால் அந்த ஏற்றத்தைத் தாங்க இயலாது. பேருந்தில் ஏற்காடு சென்று, ஏரிப் பகுதியில் அனைவரும் சேர்ந்து நடங்கள். குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே அன்று எல்லோரின் வேகமாக இருக்கட்டும். நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ தோன்றுபவரை உடனே உட்கார வைத்து, 108க்கு அழையுங்கள்.