புல்லுக்குள் கிடக்கும் முட்டைக்கோது

கேள்வி: எங்கள் வீட்டு முன்முற்றத்தில் கொஞ்சம் புல் வளர்த்திருக்கிறோம். இரண்டு கிழமையாக, விடிய எழும்பிப் பார்த்தால் புல்லுக்குள் சின்னச் சின்ன முட்டைக்கோதுகள் உடைந்து கிடக்கின்றன. இரண்டு நீலம், ஒன்று வெள்ளை. அந்த இடத்துக்கு மேலே மரமும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா காகம் குடித்துப் போட்டது என்கிறா. குஞ்செல்லாம் செத்துப்போச்சா அம்மா என்று மகன் அழுகிறான். என்ன சொல்வது ஐயா?
ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: முதலில் மகனின் அழுகையை நிறுத்துவோம், தங்கச்சி. மேலே மரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பெரிய துப்பு. கூட்டிலிருந்து தவறி விழுந்த முட்டை மரத்தடியில்தான் கிடக்கும். வெட்டவெளியில் கிடந்தால் யாரோ தூக்கிவந்து போட்டிருக்க வேண்டும், அனேகமாக அது அந்தக் குஞ்சின் தாயோ தகப்பனோதான். குஞ்சு வெளியே வந்ததும் வெறுங்கோதை அலகில் கவ்விக்கொண்டு கூட்டைவிட்டுத் தூரமாகப் பறந்து போய் எங்காவது போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

ஏன் இவ்வளவு மெனக்கேடு என்றால், உடைந்த கோதின் உட்பக்கம் பளிச்சென்று வெளிறித் தெரியும், அது கூட்டில் கிடந்தால் மேலே போகிற காகத்தைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்த மாதிரி. இதை நிக்கோ தின்பெர்கன் என்ற விஞ்ஞானி இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் கடற்கரையில் கடற்காகங்களை வைத்துச் சோதித்து 1962இல் எழுதினார். முட்டைகளுக்குக் கிட்டவாக உடைந்த கோதை வைத்தால் அவை கூடுதலாகக் களவு போயின, கோதைத் தள்ளித் தள்ளி வைக்க வைக்கக் குறைந்தன. 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கடற்காகங்கள் குஞ்சு பொரித்த உடனேயே கோதைக் கொண்டுபோவதில்லை என்பதையும் அவர் கவனித்தார். குஞ்சின் ஈரம் காயும்வரை பக்கத்திலேயே இருக்கும், ஏனென்றால் ஈரக் குஞ்சை அயல்கூட்டுக் கடற்காகமே விழுங்கிவிடும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகிப்போகும்.

சரி, அக்கா சொல்வதும் சும்மா இல்லை. காகம், செம்பகம், அணில் எல்லாம் முட்டை தின்னும், கச்சான் காற்று அடித்தாலும் கூடு சரியும். ஆகவே கோதை எடுத்து விளிம்பை வடிவாகப் பாருங்கள். குஞ்சின் அலகு நுனியில் ஒரு சின்னக் கூர் இருக்கும், அதால் முட்டையின் மொத்தைப் பக்கத்தைச் சுற்றிச் சுற்றிக் கொத்தி மூடி திறந்த மாதிரித்தான் வெளியே வரும். போன கிழமை என் வேலியோரம் கிடைத்தது அப்படித்தான்: பெருவிரல் நகத்தளவு நீல மூடி, விளிம்பு ஏறக்குறைய வட்டமாக, உள்ளே வெங்காயச் சருகு போன்ற தோல் காய்ந்து உட்பக்கம் சுருண்டு, அதில் மெல்லிய சிவப்பு நரம்புக் கோடுகள். உள்ளே சுத்தம். இப்படி இருந்தால் குஞ்சு பிழைத்து வெளியே வந்துவிட்டது என்று மகனிடம் தைரியமாகச் சொல்லலாம். பக்கவாட்டில் கண்டபடி ஓட்டை, உள்ளே மஞ்சட்கரு ஒட்டியிருக்கிறது, எறும்பு மொய்க்கிறது என்றால்தான் அக்கா சொன்ன கதை.

உங்கள் வெள்ளைக் கோது புறாவினதாக இருக்கலாம். நீலம் வெளிறியிருந்தால் மைனா, கடும் நீலப்பச்சை என்றால் புலுனி. அப்புறம் ஒரு சங்கதி, சுடலைக்குயில் புலுனியின் கூட்டில் களவாக இடுகிற முட்டையும் நீலப்பச்சைதான், கோதை மட்டும் பார்த்துப் பிரிப்பது கஷ்டம்.

கூட்டைத் தேடிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். நீங்கள் எந்தக் கிளையை விலக்குகிறீர்கள் என்று காகம் பார்த்துக்கொண்டிருக்கும். இறகு முளைக்காத குஞ்சு கீழே கிடந்து, கூடும் எட்டுகிற உயரத்தில் இருந்தால், தூக்கி உள்ளே வைத்துவிடுங்கள், மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். கோதைத் தொட்டபிறகு மகனைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

அவனுக்கு ஏதாவது செய்ய ஆசை என்றால், முட்டையப்பத்துக்கு உடைக்கிற கோழிமுட்டைக் கோதை நன்றாக அவித்துக் காயவைத்து, நொறுக்கி மதிலில் தூவச் சொல்லுங்கள். முட்டையிடுகிற காலத்தில் பெண்பறவைகளுக்குக் கல்சியம் நிறைய வேண்டும், வந்து கொத்திக்கொண்டு போகும்.