அப்பாவின் கிரிக்கெட் பெட்டிகள்: விலை பேசுவதற்கு முன்

கேள்வி: வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா சென்ற ஆண்டு காலமானார். பள்ளிப் பருவத்திலிருந்தே சேப்பாக்கத்துக்குப் போய் ஆட்டோகிராஃப் வாங்கியவர். இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு பீரோவும் நிறைய விட்டுப் போயிருக்கிறார்: மூன்று ஆட்டோகிராஃப் புத்தகங்கள், தாத்தா வாங்கிய 1934 டெஸ்ட் கையெழுத்துத் தாள் ஒன்று, நாற்பதுக்கு மேல் விஸ்டன் கிரிக்கெட் ஆண்டு மலர்கள், பழைய ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம், ஸ்போர்ட்ஸ்டார் இதழ்கள், டிக்கெட்டுகள், இரு அணி ரன்னும் சமமாகி முடிந்த 1986 டை டெஸ்ட்டில் ஆடியவர்கள் கையெழுத்துப் போட்ட பேட், கிரிக்கெட் தபால்தலைகள். வீட்டை பில்டரிடம் கொடுக்கப் போகிறோம், நான்கு மாதத்தில் காலி செய்ய வேண்டும். ஒருவர் வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து 60,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? தம்பி துபாயில் இருக்கிறான், தங்கை திருச்சியில். (மயிலாப்பூர் வாசகி)

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. இந்த மாதிரி சேகரிப்புகளில் முக்கால்வாசிக்குப் பெரிய விலை கிடையாது. மிச்சத்தில் நாலைந்து தாள்களுக்குத்தான் நல்ல விலை இருக்கும். மொத்தமாக விலை பேசுகிறவர் அந்த நாலைந்து தாள்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறார். அவை எவை என்று அவருக்குத் தெரியும், உங்களுக்கு இன்னும் தெரியாது. நான்கு மாதம் இருக்கிறதே, தெரிந்துகொள்ள அது போதும்.

முதலில், எதையும் சரிபண்ணாதீர்கள். நம் வீடுகளில் முக்கியமான தாள் என்றாலே லேமினேஷன் போட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. லேமினேட் செய்த கையெழுத்துக்கு ஏலத்தில் அநேகமாக மதிப்பே போய்விடும், ஏனென்றால் காகிதத்தையும் மையையும் தொட்டுப் பார்த்துச் சோதிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், சில வருடங்களில் மஞ்சளாகி மைக்குள் இறங்கிவிடும். பேட்டில் மங்கிப்போன கையெழுத்தின் மேல் பேனாவால் இழுத்து "தெளிவாக்குகிறவர்கள்" உண்டு. அதைச் செய்த கணமே அது வெறும் பழைய பேட். ஆட்டோகிராஃப் புத்தகத்திலிருந்து பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. பெட்டிகளைத் தரையை விட்டு உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். இடிக்கப் போகிற வீட்டில் கரையானைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, காகிதம் வைத்திருக்கிறவர்கள் கவலைப்பட்டாக வேண்டும்.

அப்புறம் பிரிக்க வேண்டும். தபால்தலைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம். 1971-ல் வெஸ்ட் இண்டீஸிலும் இங்கிலாந்திலும் ஜெயித்ததற்காக வந்த 20 பைசா தலை, 1996-ல் வந்த நாயுடு, மன்காட், மெர்ச்சன்ட், தியோதர் தலைகள், 2013-ல் வந்த சச்சின் தலை எல்லாம் ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை. பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அல்லது தபால்தலைக்காரர் யாருக்காவது ஒரே கட்டாகக் கொடுத்துவிடுங்கள். இதழ்களில் ஸ்போர்ட்ஸ்டாருக்கு நடுப்பக்க போஸ்டர்தான் கவர்ச்சி. அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் அதைப் பிய்த்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். போஸ்டர் இருக்கிற இதழ்களைத் தனியாக எடுத்து வையுங்கள். ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் அதைவிடப் பழையது. வருடவாரியாக முழுசாக இருந்தால் வாங்க ஆள் உண்டு, உதிரியாக இருந்தால் கொஞ்சம்தான் தேறும்.

விஸ்டனுக்கு என்று தனிச் சந்தையே இருக்கிறது. 1864-லிருந்து வருகிற ஆண்டு மலர், இங்கிலாந்தில் அதை வரிசை கட்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடுபட்ட வருடம்தான் வேண்டும். 1970-களுக்குப் பிந்தையவை தாராளமாகக் கிடைக்கின்றன, அனுப்புகிற தபால் செலவுகூடத் திரும்பாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை காகிதத் தட்டுப்பாட்டில் குறைவாக அச்சானவை, அவற்றைத் தேடுவார்கள். 1916 இதழ் இருந்தால் மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். டபிள்யூ.ஜி. கிரேஸ், விக்டர் டிரம்ப்பர் என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்களின் இரங்கல் குறிப்பும் அதில்தான் வந்தது. ஒன்றை மட்டும் பாருங்கள்: அட்டை அசல் அட்டையா? நம்மூரில் நல்ல எண்ணத்தில் பைண்டரிடம் கொடுத்து, ஓரத்தை வெட்டி, காலிகோ துணி ஒட்டி வாங்கியிருப்பார்கள். படிக்க வசதிதான், விலை மட்டும் பாதிக்கும் கீழே போய்விடும்.

இனி கையெழுத்துகள். உங்கள் கேள்வியில் எனக்குச் சட்டென்று கண்ணில் பட்டது தாத்தாவின் 1934 தாள்தான். அந்தப் பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் அது. இங்கிலாந்துக்குக் கேப்டன் ஜார்டின், அதாவது அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவில், ஆட்டக்காரரின் உடம்பைக் குறிவைக்கும் பாடிலைன் பந்துவீச்சால் ரகளை கிளப்பியவர். ஹெட்லி வெரிட்டி முதல் இன்னிங்ஸில் 49 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். நம் பக்கம் அமர் சிங் 86 ரன்னுக்கு 7. வெரிட்டி 1943-ல் இத்தாலியில் போர்க் கைதியாக இறந்தார், அமர் சிங் 1940-ல் முப்பது வயதுகூட ஆகாமல் காலமானார். சீக்கிரம் போனவர்கள் அதிகம் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள், அதனால் அரிது. இதற்கு நேர்மாறு ஆஸ்திரேலியாவின் பிராட்மன். தேடி வந்த கடிதங்களுக்கெல்லாம் பல பத்தாண்டுகள் சளைக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர், ஆகவே பெயர் எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு விலை ஏறுவதில்லை. சச்சின் கையெழுத்தும் அப்படித்தான். புகழை வைத்து விலையைக் கணக்குப் போடாதீர்கள்.

தாள் அசலா என்று எப்படித் தெரியும்? நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அச்சடித்த கையெழுத்து என்றால் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும், அல்லது எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாக இருக்கும். மைப் பேனாவால் போட்டது என்றால், பேனா நின்று திரும்பிய இடத்தில் மை தேங்கியிருக்கும், இழைகளுக்குள் லேசாகப் பரவியிருக்கும். ஒரு கோட்டை இன்னொரு கோடு கடக்கும் இடத்தில் எது மேலே என்றுகூடச் சொல்லிவிடலாம். பேனாவும் காலத்துக்குப் பொருந்த வேண்டும்: ஸ்கெட்ச் பேனாவில் போட்ட 1934 கையெழுத்து என்று ஒன்று இருக்க முடியாது. பதினோரு பேரும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். அணியில் ஒருவரே உட்கார்ந்து எல்லார் பெயரையும் போட்டுக் கொடுத்த தாள்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

அவசரப்பட்டுப் போலி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். 1952 பிப்ரவரியில் இதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்தைத் தோற்கடித்து இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. மன்காட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட். அந்தப் போட்டிக்கான தாள் என்று வருபவற்றில் சில சமயம் நைஜல் ஹோவர்டின் கையெழுத்து இருக்கும். அவர் அந்த மேட்சில் ஆடவில்லை, உடம்பு சரியில்லாமல் போனதால் டொனால்ட் கார்தான் கேப்டன். ஆனால் இங்கிலாந்து அணியின் சுற்றுப்பயணத்துக்கே கேப்டன் ஹோவர்ட், கூடவே இருந்தவர். தாள் பொய்யில்லை, "ஆடிய பதினொருவர்" என்கிற விவரம்தான் தப்பு. உங்கள் அப்பாவின் புத்தகத்திலும் இப்படி ஏதாவது இருந்தால் அதை மறைக்காமல் அப்படியே எழுதிக் கொடுங்கள்.

விவரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெஸ்ட் இண்டீஸ் வீரர் கேரி ஸோபர்ஸின் பந்தைச் சொல்லலாம். 1968 ஆகஸ்ட் 31, வேல்ஸில் உள்ள ஸ்வான்ஸீயில் மால்கம் நாஷ் வீசிய ஒரே ஓவரில் அவர் ஆறு சிக்ஸர் அடித்தார். அந்த ஓவரில் அடித்த பந்து என்று 2006-ல் லண்டனில் ஒரு பந்து சான்றிதழோடு ஏலத்துக்கு வந்து 26,400 பவுண்டுக்குப் போனது. பிறகுதான் கேள்விகள் கிளம்பின. ஏலம் போனது டியூக் கம்பெனிப் பந்து. நாஷோ, தான் வீசியது சர்ரிட்ஜ் பந்து, அந்த ஓவர் முழுக்க ஒரே பந்துதான் என்றார். சான்றிதழில் மூன்று பந்துகளில் ஒன்று என்று இருந்தது. பெரிய ஏலக் கம்பெனி, பெரிய பெயர், சான்றிதழ் எல்லாம் இருந்தும் சந்தேகம் தீரவில்லை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய உண்மையான வேலை, அப்பாவின் கதைக்கு ஆதாரம் திரட்டுவது. அவர் டைரி எழுதினாரா? மேட்சுக்குப் போன நாளின் டிக்கெட் அடிக்கட்டை, மைதான வாசலில் எடுத்த போட்டோ, வீரர்கள் எழுதிய பதில் கடிதம், அது வந்த உறை, அதன் மேல் தபால் முத்திரை, அணி தங்கிய ஹோட்டலின் லெட்டர்ஹெட் என்று எல்லாவற்றையும் அந்தந்தக் கையெழுத்தோடு சேர்த்து வையுங்கள். உறையைக் குப்பை என்று வீசிவிடுகிறார்கள், தேதியைச் சொல்வதே அதுதான். "அன்புள்ள இன்னாருக்கு" என்று அப்பா பெயர் போட்டு எழுதிய கையெழுத்துக்குச் சிலர் விலையைக் குறைப்பார்கள். உங்களுக்கு அது நல்லதுதான், அப்பா நேரில் வாங்கினார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அம்மா இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு ஒரு பக்கம் எழுதித் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டைப் பற்றி: 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு நடந்த அந்த மேட்ச், டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தது அதில்தான். அவர் 2020-ல் மும்பையில் இறந்துவிட்டார், ஆகவே புதிதாகக் கையெழுத்து வரப் போவதில்லை. ஆஸ்திரேலிய சேகரிப்பாளர்களுக்கு இது பிடிக்கும். கையெழுத்தெல்லாம் கையால் போட்டவைதானா என்று மட்டும் லென்ஸில் பாருங்கள், விற்பனைக்கென்றே அச்சடித்த கையெழுத்தோடு வந்த பேட்டுகள் நிறைய. வெயில் படாமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். தோனியின் 2011 உலகக் கோப்பை பேட் லண்டனில் ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனதையும், ஷேன் வார்னின் தொப்பி 2020-ல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியதையும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். இரண்டும் நல்ல காரியத்துக்காக நடந்த ஏலம், வீரரே கொடுத்த பொருள். அதோடு உங்கள் பேட்டை ஒப்பிட வேண்டாம்.

எங்கே விற்பது? 1934 தாளுக்கும், 1952 தாள் ஏதாவது இருந்தால் அதற்கும், பழைய விஸ்டனுக்கும் இங்கிலாந்தின் விளையாட்டு ஏல நிறுவனங்கள்தான் சரி, நைட்ஸ், கிரஹாம் பட் போன்றவை. படத்தை அனுப்பினால் உத்தேச விலை சொல்வார்கள், பெரும்பாலும் அதற்குக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப்பில் எடுத்த படம் ஆகாது, ஸ்கேன் செய்து முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் அனுப்புங்கள். அதே ஸ்கேனைப் பொதுவெளியில் போட்டுவிடாதீர்கள், அதைப் பார்த்து எழுதிப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். விற்பவர் கமிஷன், படக் கட்டணம், இன்ஷூரன்ஸ், விற்காமல் போனால் திருப்பி அனுப்பும் செலவு, இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று ரிசர்வ் விலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய பொருள் தொல்பொருள். வரலாற்று மதிப்புள்ள ஆவணம் என்றால் எழுபத்தைந்து வருடமே போதும். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1934 தாள் எழுபத்தைந்தை எப்போதோ தாண்டிவிட்டது, 1952 தாள் இருந்தால் அதுவும் 2027-ல் தாண்டிவிடும். ஆட்டோகிராஃப் தாள் "ஆவணம்" ஆகுமா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில், இது தொல்பொருள் அல்ல என்று சான்று கேட்டு விண்ணப்பியுங்கள். துபாய்க்குப் போகும் தம்பியின் பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாம் என்ற யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சான்று கிடைக்காவிட்டால் உள்நாட்டில்தான் விற்க வேண்டும். மும்பையில் ஏல நிறுவனங்கள் இருக்கின்றன, புனேயில் பிளேட்ஸ் ஆஃப் குளோரி என்று தனியார் கிரிக்கெட் அருங்காட்சியகமே இருக்கிறது. தமிழ் இதழ்கள், நோட்டீஸ்கள், மேட்ச் மலர்கள் இருந்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். காசுக்காக இல்லை, அங்கே பத்திரமாக இருக்கும்.

எதை விற்பதற்கும் முன் தம்பி, தங்கை, அம்மா எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். உயில் இல்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளுக்கும், அம்மா இருந்தால் அவருக்கும், அப்பாவின் அம்மா இருந்தால் அவருக்கும் சம பங்கு. பேட்டும் காகிதமும்கூட அப்பாவின் சொத்துதான். ஒரு பட்டியல் போட்டு, படத்தோடு மூவரும் பார்த்துவிடுவது நல்லது, "அந்த ஆட்டோகிராஃப் புத்தகம் எனக்கு வேண்டும்" என்று தங்கை சொல்வதானால் இப்போதே சொல்லிவிடட்டும்.

வரி: வாரிசாக வந்ததற்கு வரி இல்லை. விற்கும்போதுதான் கேள்வி. சொந்த உபயோகப் பொருள் என்றால் மூலதன ஆதாய வரி வராது, ஆனால் சேகரிப்பை அப்படி ஒத்துக்கொள்வார்களா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. வரி உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், அப்பா வைத்திருந்த காலமும் சேரும், 24 மாதத்துக்கு மேல் என்பதால் நீண்டகால ஆதாயம், 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வந்த பொருளுக்கு அன்றைய மதிப்பை வாங்கிய விலையாகக் காட்டலாம். ஏல நிறுவனம் தரும் மதிப்பீட்டுக் கடிதத்தைத் தூக்கிப் போடாமல் உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள்.