குடிப்பழக்கம் இல்லாத குடும்பத்துக்கு ‘ஆல் இன்க்ளூசிவ்’ ரிசார்ட் கட்டுபடியாகுமா?

கேள்வி: அப்பா அம்மா, குழந்தைகளோடு மாலத்தீவு போகலாம் என்றிருக்கிறோம். எல்லாம் சேர்ந்த ‘ஆல் இன்க்ளூசிவ்’ பேக்கேஜ் எடுக்கலாமா? நாங்கள் யாரும் குடிப்பதில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

போய் வந்தோம். 2024 மே மாதம், நான்கு இரவு, ஆறு பேர். அப்பா, அம்மா, நான், மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன். ஊர் உடுமலைக்குப் பக்கம், தென்னந்தோப்புக் குடும்பம். நான் மட்டும் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 72 வயது. அதுவரை அவர் பார்த்த கடல் ராமேஸ்வரமும் திருச்செந்தூரும்தான், இரண்டுமே சாமி கும்பிடப் போன இடத்தில் பார்த்தது.

கணக்குப் போட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு நட்டம்தான். ஆனால் மறுபடி போனாலும் அதையே எடுப்பேன். இளநீருக்கு மட்டும் முதல் நாளே விலை கேட்டுக்கொள்வேன்.

பணத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். ரிசார்ட்டில் காலை டிபன் மட்டும் சேர்ந்த வாடகை உண்டு. காலையும் இரவும் சேர்ந்தால் ஹாஃப் போர்டு, மூன்று வேளையும் என்றால் ஃபுல் போர்டு. அதற்கு மேல் குடிக்கிற வகை, சாயங்காலப் பலகாரம், ஐஸ்கிரீம், ஒன்றிரண்டு விளையாட்டு எல்லாம் சேர்த்தால் ஆல் இன்க்ளூசிவ். எங்களுக்குச் சொன்ன விலையில் ஃபுல் போர்டுக்கும் இதற்கும் தலைக்கு ஒரு நாளைக்கு 50 டாலர் வித்தியாசம். மகனுக்குச் சாப்பாடு இலவசம், மகள் 12 வயதைத் தாண்டிவிட்டதால் பெரியவர் கணக்கு. ஐந்து பேர், நான்கு நாள், 1,000 டாலர். அன்றைய மதிப்பில் 83,000 ரூபாய்.

இதில் பெரும்பங்கு மதுவுக்குக் கொடுப்பது. மாலத்தீவு முஸ்லிம் நாடு. ஜனங்கள் குடியிருக்கும் தீவுகளில் மது கிடையாது. நாமாகப் பாட்டில் கொண்டுபோனாலும் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரிசார்ட் தீவுகளில் அனுமதி உண்டு, ஆனால் அங்கே ஒரு கிளாஸ் தனியாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். அதனால் காலை பதினோரு மணிக்கே கிளாஸோடு சாய்ந்துவிடுகிற வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பேக்கேஜ் கொள்ளை லாபம். எங்கள் வீட்டில் எப்போதாவது பீர் குடிக்கிறவன் நான் ஒருத்தன். 44 வயதாகியும் அப்பா இருக்கிற இடத்தில் குடிக்கத் தைரியம் வரவில்லை. தீவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பத்து நிமிட நடை. எங்கே போய் ஒளிவது?

ஆக 83,000 ரூபாய்க்கு நாங்கள் குடித்தது டீ, காபி, ஜூஸ். “மொய் எழுதியாச்சு, இனி பந்தில உக்காராம வந்தா யாருக்கு நட்டம்?” என்று மனைவி மட்டும் தைரியமாகச் சாப்பிட்டாள்.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஹோட்டலில் விலையைப் பார்த்துவிட்டுத்தான் பலகாரத்தின் பெயரைப் பார்ப்பார். கோயமுத்தூரில் ஒரு தோசை 90 ரூபாய் என்றால், “எனக்குப் பசியில்ல சாமி, நீங்க சாப்புடுங்” என்று தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து பழைய சோறும் மோரும் சாப்பிடுவார். இத்தனை வருடத்தில் அவரை வெளியில் கூட்டிப்போய் வயிறாரச் சாப்பிட வைத்ததாக எனக்கு நினைவில்லை.

தீவில் இறங்கியதும் ஆளுக்கு ஒரு பட்டை கையில் மாட்டினார்கள். “மாட்டுக்குக் காதுல வில்லை போடறாப்பல” என்று அப்பா சொல்ல, பிள்ளைகள் நான்கு நாளும் ஒருவரை ஒருவர் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அம்மா முதல் நாள் முழுக்க அந்தப் பட்டையை நம்பவில்லை. டீ வந்தால், “இதுக்கு எவ்வளவுன்னு கேளு சாமி.” கேட்டேன், ஒன்றுமில்லை என்றார்கள். சாயங்காலம் கேக் வந்தது. “இதுக்கு?” அதற்கும் இல்லை. அன்று ராத்திரி புஃபேயிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார், பையன் நடுராத்திரியில் பசி என்றால் வேண்டுமாம்.

சாப்பாட்டுக் கூடத்தில் மட்டக்களப்புப் பக்கத்துப் பையன் ஒருவர் வேலையில் இருந்தார். அம்மா தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டு, “அம்மா, நீங்க இருங்கோ, நான் கொண்டு வாறன்” என்று வந்தார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தீவு பிடித்துப்போனது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அம்மா கவுச்சி தொடமாட்டார். அங்கே பார்த்தால் தேங்காய்த் துருவலில்கூடச் சூரை மீன் கலந்திருக்கிறது. காலை உணவே அதுதான்: மீன், தேங்காய், வெங்காயம், எலுமிச்சை பிசைந்து ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள், பெயர் மஸ் ஹுனி. மாசிக் கருவாடு என்று நாம் சொல்கிறோமே, அதற்குப் பேர்போன ஊர் ஆயிற்றே. எதில் மாசி இருக்கிறது, எதில் இல்லை என்று அந்தத் தம்பி பாத்திரம் பாத்திரமாகக் காட்டிக்கொடுத்தார். இடியாப்பத்தைக் காட்டியபோது, “இது எங்கூருச் சந்தகையாட்டம் இருக்குதே” என்று அம்மா வாங்கிக்கொண்டார். அதற்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கேட்டு வாங்கினார். கேட்டு வாங்கினார் என்பதை நான் மனைவியிடம் இரண்டு தரம் சொன்னேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வராந்தாவில் பக்கத்து அறை ரஷ்யப் பாட்டியும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முழுக்கச் சைகைதான். தட்டோடு போன ஆளை நிறுத்தி அம்மா சொன்னார், “தம்பி, இவங்களுக்கும் ஒரு டீ குடுங்.” தன் வீட்டுத் திண்ணையில் இருப்பது போலவே உபசாரம். ஃபுல் போர்டு எடுத்திருந்தால் அந்த டீக்கு நான் பில்லில் கையெழுத்துப் போட்டிருப்பேன், அம்மா அதைப் பார்த்திருப்பார், மறுநாள் டீயே வேண்டாம் என்றிருப்பார். இதற்கு 83,000 அதிகமா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் கொடுத்துவிட்டேன்.

அப்பாவுக்குச் சாப்பாடு ஒரு விஷயமே இல்லை. அவர் கவலை தண்ணீர். எங்களுக்குப் பிஏபி பாசனம், அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத் தண்ணீர். ஆயக்கட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுவதால், எங்கள் மண்டலத்துக்கு ஒரு முறை வந்தால் அடுத்த முறைக்கு இரண்டு வருடம் ஆகும். நடுவில் கிணறும் போரும் காப்பாற்றினால் உண்டு. அந்த மனிதர் நட்டநடுப் பகலில் புல்தரைக்கு ஸ்பிரிங்ளர் சுற்றுவதைப் பார்த்து நின்றுவிட்டார். “சுத்தியும் உப்புத் தண்ணி. இதுக்கு எங்கிருந்துடா தம்பி வருது?” கடல் நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்க, குளிக்க எல்லாம் என்றேன். ஒருமுறை புல்லைப் பார்த்தார், ஒருமுறை கடலைப் பார்த்தார். அன்று அவர் குளித்தது ஒரே பக்கெட் அளவுதான் இருக்கும்.

அப்புறம் தென்னை. அந்த நாட்டின் தேசிய மரமே தென்னைதான், தீவு முழுக்க நிற்கிறது. ஆனால் நடைபாதை ஓரம் ஒரு மரத்திலும் காய் இல்லை. விருந்தாளி தலையில் விழுந்துவிடக் கூடாதென்று பிஞ்சிலேயே வெட்டிவிடுகிறார்கள். அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. காலை ஐந்து மணிக்கே எழுந்து போய் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். கைக்கு எட்டும் குட்டை மரங்களில் ஓலையைப் புரட்டிப் பார்த்தார். சுருள் வெள்ளை ஈ இருக்கிறதா என்றுதான், தென்னையைத் தாக்கும் பூச்சி அது. 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்ததிலிருந்து எங்கள் ஜனம் எங்கே தென்னையைப் பார்த்தாலும் முதலில் ஓலையின் அடியைத்தான் பார்க்கும். அவர் புரட்டிய ஓலைகளில் இல்லை. சந்தோஷப்படுவதா பொறாமைப்படுவதா என்று தெரியாத முகத்தோடு அறைக்கு வந்தார்.

தோட்டவேலைக்காரர் ஒருவர், வங்காளதேசத்துக்காரர், இவருக்கு நண்பராகிவிட்டார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. மரத்தைக் காட்டி அவர் “குரும்பா” என்றாராம். அப்பா ஓடிவந்து சொன்னார், “தம்பி, இங்கயும் குரும்பைன்னுதாண்டா சொல்றாங்க!” எங்களுக்குக் குரும்பை என்றால் பாளையில் பிடிக்கிற சின்னப் பிஞ்சு. வெயில் காலத்தில் அது கொட்டினால் வீட்டில் பேச்சே இருக்காது. மாலத்தீவுக்காரர்கள் பேசும் திவேஹி மொழியில் குரும்பா என்றால் இளநீர். 1972ல் அந்த நாட்டில் முதன்முதலாகத் திறந்த ரிசார்ட்டின் பெயரே குரும்பாதான் (நாங்கள் தங்கியது அதில் இல்லை, வேறு). கடற்கரை பாரில் சீவிக் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் அப்பா தினம் ஒன்று என்று மூன்று நாள் குடித்தார். “வழுக்கை கொஞ்சம் முத்திப்போச்சு, இன்னும் ஒரு மாசம் முன்னாடி வெட்டோணும்” என்று தீர்ப்பும் சொன்னார். மனைவிதான், “நீங்க குடிங் மாமா, காசு கட்டியாச்சு” என்று ஊக்கம் கொடுத்தது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. முழங்கால் தண்ணீரில் குட்டிச் சுறா சுற்றுவதைப் பார்த்து மகன் முதலில் அலறினான், அப்புறம் அதன் பின்னாலேயே ஓடினான். மே மாதம் அங்கே மழைக்காலம் தொடங்கும் நேரம், அதனால்தான் வாடகையும் இறங்கியிருந்தது. ஒன்றரை நாள் மழையில் போனது.

நீங்கள் கிளம்புவதாக இருந்தால் சில விஷயம். விசா முன்கூட்டி எடுக்க வேண்டாம், இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் படிவம் நிரப்ப வேண்டும். நாங்கள் பாலக்காடு, திருச்சூர் வழியாக நெடும்பாசேரி (கொச்சி விமான நிலையம்) போய் அங்கிருந்து பறந்தோம், ஒன்றரை மணி நேரம்தான். விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குப் படகுச் செலவு பெரும்பாலும் பேக்கேஜில் சேராது, அதைத் தனியாகக் கேளுங்கள். தூரத்துத் தீவு என்றால் கடல் விமானம். அது பகலில் மட்டுமே பறக்கும், உங்கள் விமானம் சாயங்காலம் இறங்கினால் அன்றிரவு மாலேயில் தங்க நேரும். வயதானவர்கள் இருந்தால் பக்கத்துத் தீவாகப் பார்த்து ஸ்பீட் போட்டில் போவது உத்தமம்.

விலை சொல்லும்போது வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். நாங்கள் போனபோது சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி 16 சதவீதம். 2025 ஜூலையிலிருந்து அது 17. பசுமை வரி என்று ரிசார்ட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு 6 டாலர் இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து 12. இங்கே ஏஜென்ட் மூலம் எடுத்ததால் எங்களுக்கு 5 சதவீதம் டிசிஎஸ் (பணம் கட்டும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடித்தார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழிந்துவிட்டது. விகிதமும் வரம்பும் மாறிக்கொண்டே இருப்பதால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குடிக்காதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2009லிருந்து ஜனங்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் விடுதிக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மாஃபுஷி அதற்குப் பெயர் பெற்றது. அங்கே மது கிடையாது, நமக்கு அதனால் குறையும் கிடையாது, செலவும் ரிசார்ட்டில் ஆவதில் ஒரு பகுதிதான். நீங்களும் உங்கள் மனைவியும் குழந்தைகளும் மட்டும் என்றால் அதைத்தான் சொல்வேன். அம்மாவைக் கூட்டிப்போவதாக இருந்தால் என் யோசனை வேறு, மேலே சொல்லிவிட்டேன்.

கடைசி நாள் காலை ரிசப்ஷனில் கணக்கு முடிக்கப் போனேன். ஒன்றும் இருக்காது என்ற தைரியத்தில் அப்பாவும் கூட வந்தார். ஒரு தாள் நீட்டினார்கள். ‘குரும்பா, 3.’ ஒன்று 9 டாலர், சேவைக் கட்டணமும் வரியும் போட்டு 11.48. எங்கள் பேக்கேஜில் விஸ்கி உண்டு, வோட்கா உண்டு, பெயர் தெரியாத பச்சைத் தண்ணீரெல்லாம் உண்டு. இளநீர் கிடையாதாம். அறையில் வைத்திருந்த பட்டியலில் கடைசிப் பக்கம் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. சேராத பட்டியல்தான் முக்கியம் என்று அன்றுதான் தெரிந்தது. அதையும் நம் வீட்டு ஆட்களுக்கு எது பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும். நான் விஸ்கி சேருமா என்று பார்த்தேனே தவிர, தென்னந்தோப்புக்காரர் இளநீர் கேட்பார் என்று நினைக்கவில்லை.

ரூபாயில் எவ்வளவு என்று அப்பா கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு உண்மையையே சொன்னேன். ஒன்று 950 ரூபாய்க்கு மேல். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தத் தாளை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எங்கள் தோப்பில் வியாபாரி இளநீர் ஒன்றுக்கு 40 ரூபாய் கொடுத்தால் அது நல்ல விலை. இப்போதெல்லாம் அவர் விலை பேச வந்தால் அப்பா உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வருகிறார். “தொள்ளாயிரத்து அம்பதுங். அங்க வழுக்கையும் முத்தல்” என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது.