செடி வளர்க்கும் மீன் தொட்டியில் தீனி மிஞ்சி அழுகுகிறது, ஆனால் கோரி (அடியில் மேயும் சின்னக் கெளுத்தி மீன்) மெலிகிறது. எப்படித் தீனி போடுவது?

நீங்கள் சொன்ன விவரம்: வியாசர்பாடியில் வீடு, 2 அடி செடித் தொட்டி, 10 நியான் டெட்ரா, 6 கப்பி, 5 கோரி. தினம் மூன்று வேளை ஃப்ளேக் (மிதக்கும் செதில் தீனி). மணலில் வெள்ளைப் பூஞ்சை, நத்தை பெருகுகிறது, கோரிக்கு வயிறு ஒட்டிவிட்டது.

தொட்டிக்குத் தீனி அதிகம், கோரிக்குப் பட்டினி. ஃப்ளேக் மிதக்கும்போதே கப்பி காலி செய்துவிடும். கீழே இறங்குவது ஊறிப்போன தூள். அது செடிகளின் அடியில் சிக்கி அழுகும். "கீழே விழுவதைக் கோரி தின்று சுத்தம் செய்யும்" என்று சொல்லித்தான் கடையில் கொடுப்பார்கள். நம்பாதீர்கள், அதற்கும் தனியாகத் தீனி போட வேண்டும்.

இன்றே மணல் மேலிருக்கும் மிச்சத்தைச் சைஃபன் டியூபால் உறிஞ்சி எடுத்து, கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஒரு நாள் தீனி வேண்டாம்.

பிறகு காலையில் ஒரே வேளை ஃப்ளேக், லைட் போட்டு ஒரு மணி நேரம் கழித்து. இரவில் செடிகளும் ஆக்சிஜனை இழுப்பதால் விடியற்காலையில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். ஃபில்டரை நிறுத்திவிட்டு, இரு விரலால் எடுக்கும் சின்னச் சிட்டிகையை நொறுக்கிப் போடுங்கள். நியானுக்கு வாய் சிறியது. ஒரு நிமிடத்தில் தீர வேண்டும். ஃபில்டரை மறுபடி போட மறக்காதீர்கள். கப்பி கண்ணாடியில் முட்டிக்கொண்டு கெஞ்சும். அது வயிறு நிறைந்தாலும் கெஞ்சும்.

கோரிக்கு இரவு, லைட் அணைத்து அரை மணி கழித்து. மூழ்கும் பெல்லட் (குருணைத் தீனி), 3 மில்லிமீட்டர் அளவு, ஒரு மீனுக்கு இரண்டு கணக்கில் 10. மணலில் சிறு கண்ணாடிக் கிண்ணம் பதித்து அதில் விழும்படி போடுங்கள். ஒரு மணி நேரத்தில் மிஞ்சினால் கிண்ணத்தோடு வெளியே எடுத்து, மறுநாள் இரண்டு குறையுங்கள். இரண்டு வாரத்தில் வயிறு உருண்டு வரும். வாரம் ஒரு நாள் யாருக்கும் எதுவும் வேண்டாம்.

மிச்சம் செடிக்கு உரமாகட்டும் என்று விடுவது தவறு. மீன் கழிவிலேயே நைட்ரஜனும் பாஸ்பேட்டும் போதிய அளவு வரும். பொட்டாசியமும் இரும்பும் தனியாகத்தான் போட வேண்டும். மிச்சம் அழுகி அம்மோனியா ஆகும். போர் தண்ணீரில் பிஎச் 8 இருந்தால், 7ல் இருப்பதைவிட அந்த அம்மோனியாவின் நச்சுப் பகுதி சுமார் பத்து மடங்கு. மே மாத வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜனும் குறையும். அப்போது அளவைப் பாதியாக்குங்கள். கரண்ட் போனால், வரும்வரை தீனியே வேண்டாம்.

கொளத்தூர் கடைகளில் கிடைக்கும் உயிருள்ள ட்யூபிஃபெக்ஸ் புழுவைத் தவிர்ப்பது நல்லது. சாக்கடைச் சேற்றில் வளர்வது, நோய் கூடவே வரும். உறைந்த ப்ளட்வார்ம் (சிவப்புப் புழு) கட்டியில் கால் பாகம், வாரம் ஒரு முறை, கரைத்து வடிகட்டிப் போடலாம். சாக்கிலிருந்து நிறுத்துத் தரும் பெல்லட் மலிவுதான், எவ்வளவு பழையது என்று தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில் தீரும் சின்ன டப்பாவே வாங்குங்கள், நம் கடற்காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும்.

பொங்கலுக்கு நான்கைந்து நாள் ஊருக்குப் போனால் அப்படியே விட்டுப் போகலாம். பக்கத்து வீட்டில் டப்பாவைக் கொடுத்துவிட்டு மட்டும் போகாதீர்கள்.