கடும் குளிரில் வீட்டுக் கோழிகளை எப்படிக் காப்பாற்றுவது? கூண்டை முழுக்க அடைத்து ஹீட் லாம்ப் போட்டால் போதுமா?

மைனஸ் 20 வரப்போகிறது, கூண்டில் ஒரு பொத்தல் விடாமல் அடைத்தாயிற்று, ஹீட் லாம்ப்பும் தொங்கவிட்டாயிற்று, ஒரு கோழிக்கு வேறு இறகு கொட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். செய்ததில் பாதியைப் பிரிக்க வேண்டும். முதலில் மேல்பக்கம் அடைத்ததைப் பிரியுங்கள். இன்றைக்கே, கோழி அடைவதற்கு முன்னால். மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் காரமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடுப்பு இருக்கிறது.

உங்களுடையது ஏழெட்டுக் கோழி இருக்கும் சின்ன மரக்கூண்டு, இது உங்களுக்கு முதல் குளிர்காலம் என்று எடுத்துக்கொள்கிறேன். வளர்ந்த கோழியின் உடல் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். இறகை உப்பவிட்டு, இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, பக்கத்துக் கோழியோடு ஒட்டி உட்கார்ந்து, தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டால் பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே போனாலும் தாக்குப்பிடிக்கும். அதற்கு ஆகாதது ஈரம். ராத்திரி முழுக்க ஒவ்வொரு கோழியும் மூச்சில் ஈரத்தை விடுகிறது. எச்சத்திலும் முக்கால் பங்கு தண்ணீர்தான். அடைத்த கூண்டில் அது எங்கே போகும்? மேலே ஏறி, குளிர்ந்த கூரையில் பட்டு, நீராகி, திரும்பக் கோழி தலையிலேயே சொட்டும். கொண்டையிலும் தாடியிலும் இறகு கிடையாது, ஈரம் பட்டால் முதலில் உறைவது அந்தச் சதைதான். அதோடு எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் கெடுக்கும். காலையில் கதவைத் திறந்ததும் உங்களுக்கே மூக்கில் நெடி ஏறினால், விடிய விடிய அதற்குள் உட்கார்ந்திருந்ததன் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் கதை.

என் நாத்தனாரின் வீட்டுக்காரர் ஒரு குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் தங்க வந்தார். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். பிரச்சினையே அதுதான். வந்த அன்றைக்கே கூண்டைச் சுற்றிப் பார்த்தார். கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் கம்பிவலை அடித்து நான் திறந்தே விட்டிருந்த இடைவெளியைக் காட்டி, "என்னம்மா இது, இவ்வளவு பெரிய ஓட்டை? வாயில்லாத ஜீவன், பாவம்மா" என்றார்.

"ஈரக் காத்து வெளிய போறதுக்குண்ணா. கோழி மேல படாது" என்றேன். கட்டையில் உட்காரும் கோழியின் தலைக்கு எவ்வளவு மேலே அந்த இடைவெளி இருக்கிறது என்று கையை வைத்தே காட்டினேன். தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி நாங்கள் படுத்த பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், ஏதோ பெட்டியில் கிடந்த தெர்மோகோலை அளவாக வெட்டி, இடைவெளி மொத்தத்தையும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். அதோடு விட்டாரா? அகலமான ஒரு பாத்திரம் நிறையச் சுடுதண்ணீரைக் கொண்டுபோய் உள்ளே வைத்திருக்கிறார். குடிக்கவும் ஆச்சாம், சூட்டுக்கும் ஆச்சாம். அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "ஏதோ நம்மால் முடிந்தது" என்று வேறு போட்டிருந்தார். காலையில் நான் போனைப் பார்க்கும்போது கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்திருந்தன.

கதவைத் திறந்தேன். உள்கூரை முழுக்க வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனைகளில்கூட. தரையில் போட்டிருந்த மரச்சுருள் மேலே மொறுமொறு, காலை வைத்தால் அடியில் சொதசொத. நெடியில் கண் கரித்தது. பெட்டைகளுக்குச் சின்னக் கொண்டை, தலையையும் இறக்கைக்குள் செருகிக்கொண்டு தூங்கியிருக்கும், தப்பித்தன. சேவல்தான் மாட்டியது. நெட்டாக நிற்கும் ஒற்றைக் கொண்டை அதற்கு. முனைகள் எல்லாம் சாம்பல் வெள்ளையாகி, தொட்டால் மெழுகுபோல விறைத்திருந்தன. தாடி நுனியில் பனித்துகள் ஒட்டியிருந்தது, அந்தப் பாத்திரத்தில் தோய்த்திருக்கிறது. தலையை உதறிக்கொண்டே இருந்ததே தவிர ஒரு தடவைகூடக் கூவவில்லை.

முந்தின வாரம் இதைவிடக் கடுமையான குளிர். மேலே எல்லாம் திறந்துதான் இருந்தது. ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்ணா ஹேர் டிரையரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதை வாங்கி ஓரமாக வைத்தேன். உறைந்த சதையில் உணர்ச்சி இருக்காது, வெந்தாலும் கோழிக்குத் தெரியாது. தேய்க்கவும் கூடாது, உள்ளே சதை கிழியும். சேவலை வீட்டுக்குள் அதிகம் சூடில்லாத ஓர் அறைக்குக் கொண்டுபோய், வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கொண்டையில் மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒருதரம் உருகியது திரும்ப உறைந்தால் முன்னைவிட மோசமாகும் என்பதால் அந்தக் குளிர் ஓயும்வரை வெளியே விடவில்லை. வீங்கியது, கொப்புளம் வந்தது, முனைகள் கறுத்தன. உடனே குழுவில், "கறுத்ததை வெட்டிவிடு" என்று ஆளுக்கு ஒரு யோசனை. வெட்டாதீர்கள். அந்தக் கறுப்பு அடியில் உயிரோடு இருக்கும் சதைக்கு மூடி மாதிரி வேலை செய்கிறது. காய்ந்து அதுவே விழும், விழுந்தது. சீழ் வைத்தாலோ நாற்றம் வந்தாலோ, கோழி தீனி எடுக்காமல் சுருண்டாலோ கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். நான் மருத்துவர் இல்லை, கோழி வளர்ப்பவள், அவ்வளவுதான்.

வீட்டு மாப்பிள்ளையை என்னவென்று கேட்பது? நாத்தனார், "நல்லதுக்குத்தானே செஞ்சார்" என்று முடித்துவிட்டார். சேவலின் மொட்டைக் கொண்டையைப் படம் எடுத்து அதே குழுவில் போட்டேன், கும்பிட்ட கைகளில் ஒன்றுகூட வரவில்லை. அதுகூடப் போகட்டும். ஊருக்குக் கிளம்பும்போது என் டிரில்லிங் மெஷினை இரவல் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பெட்டி பளபளவென்று துடைத்து வந்தது, நான் தினமும் பயன்படுத்தும் சின்ன பிட்டுகளைக் காணோம், உள்ளே இருந்த சார்ஜர் வேறு எந்த மெஷினுடையதோ. கேட்டால், "அப்படியேதானேம்மா குடுத்தேன்" என்கிறார். இரவல் கொடுத்த சாமானைத் திரும்ப வாங்குவது எப்படி என்று யாராவது இங்கே கேள்வி கேட்டால் அதற்கும் நீளமாகப் பதில் எழுதத் தயார். சரி, கோழிக்கு வருவோம்.

"குளிரில் நடுங்கவிட்டுவிட்டு வியாக்கியானம் வேறா" என்று கேட்கக் கிளம்புபவர்களுக்கு: கோழி மேல் காற்று அடிக்கட்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தலைக்கு மேலே திறந்திருக்க வேண்டும், உட்காரும் உயரத்திலும் அதற்குக் கீழேயும் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் காற்றடிக்கும் ஒரு நாளில் கட்டைப் பக்கத்தில் மெல்லிய காகிதத் துண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அது படபடத்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. திறந்து விடும் இடத்துக்கு நெருக்கமான கம்பிவலை கட்டாயம், குளிர்காலத்தில் பசித்த எலியும் மரநாயும் சும்மா இருக்காது.

ஹீட் லாம்ப்பை நான் கூண்டுக்குள் விடவே மாட்டேன். 250 வாட் பல்பு, கீழே காய்ந்த சுருள், சுற்றிலும் இறகுத் தூசி, இறக்கை அடித்து மேலே ஏறும் கோழி. கொக்கி ஒன்று நழுவினால் கூண்டோடு போய்விடும், ஒட்டிக் கட்டியிருந்தால் வீட்டுக்கும் பிடிக்கும். தீ பிடிக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சூட்டுக்குப் பழகிய கோழிக்கு நடு ராத்திரியில் கரண்ட் போனால் என்ன ஆகும்? குளிர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போது அதுவாகப் பழகிக்கொள்வதுதான் அதற்குப் பாதுகாப்பு. குஞ்சுகளின் கதை வேறு. அவற்றுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வேண்டும், பிறகுதான் வாராவாரம் சூட்டைக் குறைக்க வேண்டும். "எங்கள் குஞ்சுகள் லாம்ப்பில்தானே வளர்ந்தன" என்று அதைக் கொண்டுவந்து இதில் குழப்பாதீர்கள்.

உட்காரும் கட்டையை மாற்றுங்கள். உருண்டைக் கம்போ இரும்புக் குழாயோ என்றால் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இரும்பு காலிலிருந்து சூட்டை உறிஞ்சும். நாலங்குல அகலத்துக்குத் தட்டையான மரக்கட்டையைப் படுக்கப் போட்டால், கோழி காலை மடித்து வயிற்று இறகால் விரல்களை மூடிக்கொள்ளும். தரையில் காய்ந்த மரச்சுருளோ வைக்கோலோ அரையடிக்குக் குறையாமல் போட்டு, நனைந்த இடத்தை அவ்வப்போது அள்ளிவிடுங்கள்.

தண்ணீரை ராத்திரியில் உள்ளே வைக்கவே வேண்டாம், இருட்டில் கோழி குடிக்காது. பகலில் உறையாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு. அடியில் சூடாக்கும் தட்டு வைத்த தண்ணீர்க்கலம் இருந்தால் நிம்மதி, இல்லையென்றால் உறைய உறைய மாற்ற வேண்டியதுதான். தண்ணீர் கிடைக்காத கோழி தீனியையும் குறைத்துவிடும், தீனி குறைந்தால் உடம்புக்குச் சூடு எங்கிருந்து வரும்? குளிரில் வழக்கத்தைவிட அதிகம் தின்னும், அளக்காமல் வையுங்கள். அடைவதற்கு முன் ஒரு பிடி மக்காச்சோளம் தூவுவது நல்லது, ராத்திரி செரிக்கும்போது சூடு கிடைக்கும். அதையே முழுத் தீவனமாக்கினால் புரதம் போதாது.

கொண்டையில் வாஸலின் தடவலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். தடவுங்கள், ஆனால் கூண்டு ஈரமாக இருந்தால் அது காப்பாற்றாது. ஸ்வெட்டர் மாட்டிவிடுவது வேண்டவே வேண்டாம், இறகை உப்பவிட முடியாமல் கோழி இன்னும் குளிரில் மாட்டும். முட்டை குறைந்ததற்குக் குளிரைவிடப் பகல் சுருங்கியதே பெரிய காரணம், குறையாமல் முட்டையிட ஒரு நாளைக்கு ஏறக்குறைய 14 மணி நேர வெளிச்சம் கேட்கும். இடுகிற ஒன்றிரண்டையும் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், உறைந்தால் ஓடு வெடிக்கும்.

எந்தக் கோழி வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. லெக்ஹார்ன் மாதிரிப் பெரிய ஒற்றைக் கொண்டை என்றால் தினமும் காலையில் கொண்டையைப் பாருங்கள். வயண்டாட், பிரம்மா போன்றவற்றுக்குக் கொண்டை தலையோடு ஒட்டியிருக்கும், கவலை குறைவு. கனடாவில் ஷாண்டெக்லர் என்று ஒரு இனத்தையே இருக்கிறதா இல்லையா என்னும்படியான கொண்டையோடு, அந்த ஊர்க் குளிருக்கென்றே உருவாக்கினார்கள். பிரம்மாவுக்குக் காலிலும் இறகு உண்டு, அதில் பனி கட்டியாக ஒட்டி விரல் உறையும், சாயங்காலம் காலைத் தடவிப் பாருங்கள். சில்க்கி இருந்தால் அதைப் பனியில் விடவே விடாதீர்கள், அதன் இறகு தண்ணீரைத் தாங்காது.

இறகு கொட்டும் அந்தக் கோழிக்கு மட்டும் நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது, அதற்குப் போர்வையே இல்லை. வீட்டுக்குள் சூடு குறைந்த ஓர் அறையில், பெட்டியில் சுருள் போட்டு வையுங்கள். அடுப்பங்கரைச் சூட்டில் வைத்தால் பிறகு வெளியே விட முடியாது. இறகு முளைக்கப் புரதம் அதிகம் வேண்டும், தீவனத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். குருத்தெல்லாம் விரிந்து இறகு மூடியதும் முதலில் பகலில் மட்டும் வெளியே விட்டு, அப்புறம் மற்றக் கோழிகளோடு அடையவிடுங்கள். அதுவரை பாசத்தில் அடிக்கடி தூக்காதீர்கள், குருத்தில் கை பட்டால் அதற்கு வலிக்கும்.