ஏட்டில் ஏறாத நோய்

கேள்வி: 1900களில் இங்கிலாந்தின் நகர்ப்புற மாவட்டம் ஒன்றின் சுகாதார அதிகாரி எழுதிய ஆண்டறிக்கையில், புற்றுநோய்ச் சாவுகளுக்குத் தனி வரியே இருப்பதைப் பார்த்தேன். அதே காலத்து எங்கள் ஊர் இறப்புப் பதிவில் அந்தச் சொல்லே இல்லை. என் அப்பத்தாவின் தாயார் கன்னத்தில் ஆறாத புண் வந்து இறந்தார் என்பார்கள். அன்று நம் கடற்கரையில் புற்றுநோய் இல்லை என்று கொள்ளலாமா?
– வாசகி, தொண்டி

பதில்: கொள்ளக் கூடாது, அம்மா. இங்கிலாந்தில் சிகிச்சை அளித்த மருத்துவரே சாவின் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்பது 1874ஆம் ஆண்டுச் சட்டம். சென்னை மாகாணக் கிராமங்களிலோ பதிவேடு, மருத்துவம் அறியாத ஊர் அலுவலரான கிராம முன்சீப்பின் கையில் இருந்தது. காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு போன்ற சில தலைப்புகளுக்குள் அடங்காத சாவுகளெல்லாம் ‘பிற காரணங்கள்’ என்ற ஒரே கட்டத்தில் போய் விழுந்தன. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்த மலக்குடல் புற்றுநோயே முதலில் வயிற்றுக்கடுப்பு என்றுதான் கருதப்பட்டது. மருத்துவர் வீட்டிலேயே இப்படியென்றால், மருத்துவரையே காணாத மீனவக் குப்பங்களில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. தங்கையை இழந்த முத்துலட்சுமியின் வேதனையே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது.

இங்கிலாந்துக் கணக்கையும் நிதானித்தே படிக்க வேண்டும். அன்று அங்கே ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவாகப் புற்றுநோயால் இறந்தனர். 20,000 பேர் வாழும் ஊரில் அது இருபதுக்கும் குறைவு என்பதால், ஓராண்டில் ஐந்தாறு கூடுவதையோ குறைவதையோ வைத்து எதையும் முடிவுகட்ட இயலாது. நோய் பெருகுகிறது என்ற அச்சம் அங்கும் எழுந்தது. கிங் என்ற காப்பீட்டுக் கணக்கியலாளரும் நியூஷோம் என்ற சுகாதார அதிகாரியும் 1893இல் அதை ஆராய்ந்து, கண்ணுக்கும் கைக்கும் எட்டும் உறுப்புகளில் எண்ணிக்கை கூடவில்லை, எட்டாத உள்ளுறுப்புகளில்தான் கூடியிருக்கிறது என்று காட்டி, வளர்ந்தது நோயைக் கண்டறியும் திறனே என்று வாதிட்டனர். எனக்கு இது மிக நேர்மையான வாதமாகப் படுகிறது.

வயதும் ஒரு காரணம். அக்காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 23 வயதை ஒட்டியே இருந்தது. குழந்தையாகவே காலராவிலும் அம்மையிலும் மாண்டவர்கள் புற்றுநோய் வரும் வயதை எட்டவே இல்லை. ஆகவே அன்று அந்நோய் எண்ணிக்கையில் குறைவாக இருந்திருக்கும் என்பது உண்மை; அறவே இல்லை என்பது உண்மையன்று.

உங்கள் பூட்டியாரின் நோய் இன்னதென்று இங்கிருந்து அறுதியிட இயலாது. எனினும் வெற்றிலையோடு புகையிலையை அதக்கும் பழக்கமும், அதக்கிய பக்கத்துக் கன்னத்தில் ஆறாத புண்ணும் சேர்ந்திருந்தால் அது வாய்ப்புற்றாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அவர் எந்தக் கன்னத்தில் அதக்குவார் என்பதை வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அப்பழக்கம் உள்ளவர் இன்றும் உங்கள் வீட்டில் இருந்து, வாய்ப்புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.